பிரைட்டன் பீச் முதல் பெட்ரோல் பங்க் வரை: ரஷ்ய மாஃபியா அமெரிக்காவை என்ன செய்தது?

#1 கடற்கரைச்சாலை

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் சித்தப்பாவுக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. "அமெரிக்காவில் ரஷ்ய மாஃபியா என்பதெல்லாம் தொலைக்காட்சித் தொடர்காரர்கள் ஊதிப் பெருக்கியது. பச்சை குத்திய முரடன் ஒருவன், தோல் சட்டை, வோட்கா, அவ்வளவுதான்" என்கிறார் அவர். அப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. எத்தனை கொலை நடந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கும்பல்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பத்துக்கு அவர்களால் என்ன ஆயிற்று? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 வேப்பங்காய்

உங்கள் சித்தப்பா பக்கம்தான் நான். கப்பலிலோ விமானத்திலோ புதிதாக வந்து இறங்குகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அமெரிக்கா ஒரு மாஃபியாவைக் கண்டுபிடிக்கும். முதலில் ஐரிஷ்காரர்கள், பிறகு யூதர்கள், பிறகு இத்தாலியர்கள், 1990களில் ரஷ்யர்கள். பனிப்போர் முடிந்ததும் அவர்களுக்குப் புதிய வில்லன் தேவைப்பட்டான்.

#3 பழைய_புரூக்ளின்

நான் 1997 முதல் ஆறு ஆண்டுகள் நியூயார்க்கின் புரூக்ளினில், சோவியத் குடியேறிகள் நிறைந்த பிரைட்டன் பீச்சிலிருந்து நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தேன். அந்தக் கடைத்தெருவின் தலைக்கு மேலேயே ரயில் ஓடும். இரும்புத் தூண்களுக்கு நடுவே கடைகள், பலகையெல்லாம் ரஷ்ய எழுத்து. ஊறுகாய் முட்டைக்கோஸ் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். கடலோரப் பலகைப் பாதையில் கிழவர்கள் டோமினோ ஆடுவார்கள். துப்பாக்கியோடு ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வேப்பங்காய் சொல்வதில் அந்த மட்டுக்கு உண்மை உண்டு.

ஆனால் கதை 1970களில் தொடங்குகிறது. அமெரிக்கா 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தன் குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிச நாட்டுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்பது அதன் சாரம். சோவியத் யூதர்களை மனதில் வைத்துச் செய்தது. அந்தப் பத்தாண்டில் வந்தவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள், இசை ஆசிரியர்கள், பல் மருத்துவர்கள். டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அவர்களோடு கூடவே 1975இல் வந்தவன் எவ்செய் அக்ரோன், லெனின்கிராட்காரன். மாட்டை அடித்து ஓட்டுவதற்கு மின்சாரத் தடி ஒன்று உண்டு, தொட்டால் ஷாக் அடிக்கும். மாமூல் வசூலுக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவான் என்பதுதான் அவனைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது. யாரிடம் வசூல்? தன் சொந்த ஜனத்திடம். இறைச்சிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர். 1985 மே மாதம் தன் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சுட்டுக் கொன்றார்கள்.

கடைக்காரர்கள் போலீசுக்குப் போகவில்லை. போலீஸ் என்றால் என்ன என்று சோவியத் நாட்டில் ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். கடலைத் தாண்டியும் அந்தப் பாடம் மறக்கவில்லை. நான் முடி வெட்டிக்கொண்ட கடைக்காரர் ஒடெசாவிலிருந்து வந்தவர், ஊர்க்கதை எல்லாம் அளப்பார். அக்ரோன் பெயரை ஒருமுறை நான் எடுத்தபோது கத்தரிக்கோல் நின்றது. "உனக்குப் பின்பக்கம் இன்னும் குட்டையாக வேண்டுமா?" என்று கேட்டார். அவன் செத்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

#4 கணக்குப்பிள்ளை

அக்ரோன் சில்லறை வியாபாரி. மொத்த வியாபாரம் அவனுக்குப் பின்னால் வந்த மாரத் பாலகூலாவோடு தொடங்கியது. கடற்கரைச்சாலை கேட்ட கேள்விக்கு நேர் பதிலும் அங்கேதான் இருக்கிறது. சாதாரண அமெரிக்கனுக்கு என்ன ஆயிற்று? அவன் பெட்ரோலுக்குக் கொடுத்த வரி அரசுக்குப் போய்ச் சேரவில்லை. தொழில்முறையில் நான் கணக்குத் தணிக்கைக்காரன். இதை விளக்குவதில் எனக்கு ஒரு வெட்கங்கெட்ட மகிழ்ச்சி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் 1982 வரை பெட்ரோல் வரியை வசூலித்துக் கட்டியது பங்க்காரன். ஆயிரக்கணக்கான பங்க், எத்தனை பேரைத் துரத்துவது? அதனால் அந்தப் பொறுப்பை மாநில அரசு மொத்த விற்பனையாளரிடம் மாற்றியது. காகிதத்தில் நல்ல யோசனை. ஆனால் உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளர்கள் தங்களுக்குள் வரியில்லாமல் கைமாற்றிக்கொள்ளலாம். பங்க்காரனுக்கு விற்கிற கடைசிக் கைதான் வரி கட்ட வேண்டும்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். ஒரே டேங்கர் லாரி கிடங்கிலிருந்து புறப்பட்டு நேராகப் பங்குக்குப் போகிறது. அதே நேரத்தில் காகிதத்தில் அந்தப் பெட்ரோல் 'அ' கம்பெனியிடமிருந்து 'ஆ'வுக்கும், 'ஆ'விடமிருந்து 'இ'க்கும், அங்கிருந்து 'ஈ'க்கும் பயணம் செய்கிறது. நடுவில் 'இ' இருக்கிறதே, அதற்கு அலுவலகம் கிடையாது, ஒரு தபால் பெட்டி எண் மட்டும் உண்டு. உரிமையாளர் என்று போட்டிருப்பது நேற்று வந்து இறங்கிய யாரோ ஒரு அப்பாவியின் பெயர், அல்லது பிறக்காத ஒருவரின் பெயர். அந்த 'இ' தன் இன்வாய்ஸில் "எல்லா வரிகளும் கட்டியாயிற்று" என்று முத்திரை குத்தி அடுத்தவனுக்கு விற்கும். கட்டியிருக்காது. மாதங்கள் கழித்து வரி அதிகாரி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும்போது 'இ' இருக்காது. அந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'எரிகிற கம்பெனி'. கொளுத்திப்போடுவதற்கென்றே பிறந்தது.

கேலனுக்கு ஒன்றிய அரசின் வரி மட்டும் அன்று 9 சென்ட். மாநில வரி, உள்ளூர் வரி அதற்கு மேல். அதில் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு மீதியை விலையில் தள்ளுபடியாகக் கொடுத்தாலே போதும், பக்கத்துத் தெருவில் ஒழுங்காக வரி கட்டுகிற பங்க்காரன் கடையை மூட வேண்டியதுதான். மூடினார்கள் பலர். ஒன்றிய அரசுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் இழப்பு என்பது அதிகாரிகளின் அன்றைய மதிப்பீடு. அது நெடுஞ்சாலை நிதிக்குப் போக வேண்டிய பணம், சாலையும் பாலமும் அதில்தான் போடுகிறார்கள்.

இதற்கு முடிவு கட்டியதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1988 முதல் பெட்ரோல் வரியைக் கிடங்கின் வாசலிலேயே வசூலிக்கத் தொடங்கினார்கள். 1994 முதல் டீசலுக்கும் அதே ஏற்பாடு, கூடவே ஒரு சாயம். வரி விலக்குள்ள டீசலில், அதாவது பண்ணை டிராக்டருக்கும் வீட்டுச் சூடேற்றிக்கும் போவதில், சிவப்புச் சாயம் கலந்துவிட வேண்டும். சாலையில் லாரியை நிறுத்தி டேங்கில் ஒரு குழாயை விட்டு எடுப்பார் ஆய்வாளர். சிவப்பாக வந்தால் ஆயிரம் டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது அபராதம். முதல் ஆண்டிலேயே டீசல் வரி வரவு 100 கோடி டாலருக்கு மேல் ஏறியது. பத்தாண்டு வழக்கும் விசாரணையும் செய்யாததை ஒரு டப்பா சாயம் செய்தது.

#5 கடற்கரைச்சாலை

இன்வாய்ஸ் பகுதியை இரண்டு முறை படித்தேன், சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "சரி, ஆனால் இத்தாலிக்காரன் விட்டுவைத்தானா?" என்கிறார். நியூயார்க் அவர்கள் கோட்டை ஆயிற்றே?

#6 பழைய_புரூக்ளின்

விட்டுவைக்கவில்லை, பங்கு கேட்டான். உண்மையில் இந்த வித்தையில் முதலில் கொழுத்தவர்களில் ஒருவர், 'கொலம்போ குடும்பம்' என்ற இத்தாலிய மாஃபியாக் கும்பலின் மைக்கேல் ஃபிரான்சேஸி. கணக்கு வித்தை ரஷ்யர்களுடையது, அடியாள் பலம் இத்தாலியர்களுடையது என்று ஒப்பந்தம் ஆயிற்று. பிறகு மற்றக் குடும்பங்களும் வந்து கேலனுக்கு இத்தனை சென்ட் என்று தங்கள் 'வரி'யைப் போட்டார்கள். அரசாங்கத்துக்கு வரி கட்டாதவர்கள் மாஃபியாவுக்கு ஒழுங்காகக் கட்டினார்கள்.

1986இல் விளாதிமிர் ரெஸ்னிகோவ் என்பவன் பாலகூலாவின் தலையில் துப்பாக்கியை வைத்துப் பணம் கேட்டான். பாலகூலா இன்னொரு மாஃபியாக் குடும்பமான லுக்கேசியாரிடம் போய் முறையிட்டார். ரெஸ்னிகோவ் அதிக நாள் உயிரோடு இல்லை. பாலகூலா அதே ஆண்டு கிரெடிட் கார்டு மோசடி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானதும் நாட்டை விட்டு ஓடி, 1989இல் ஜெர்மனியில் பிடிபட்டார். பெட்ரோல் வரிக்கான தண்டனை பிற்பாடு தனியாக வந்தது.

#7 வேப்பங்காய்

பாருங்கள், நான் சொன்னதை நீங்களே நிரூபிக்கிறீர்கள். சட்டத்தில் ஓட்டை போட்டது நியூயார்க் அரசு. பாதுகாப்புக் கொடுத்தது அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மாஃபியா. மலிவு பெட்ரோலை ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கியது அமெரிக்கப் பங்க் முதலாளி. பழி மட்டும் 'ரஷ்யன்' தலையில்.

அதிலும் ரஷ்யன் யார்? அக்ரோனும் பாலகூலாவும் யூதர்கள், இரண்டாமவர் ஒடெசாவில் வளர்ந்தவர். பிற்காலத்து வழக்குகளை எடுத்தால் ஆர்மீனியர்கள், ஜார்ஜியர்கள், அஜர்பைஜானியர்கள். சிறையில் பேசிய பொது மொழி ரஷ்யன் என்பதற்காக எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். 1990களின் நடுவில் இதை முறையாக ஆராய்ந்த குற்றவியல் அறிஞர்கள் ஜேம்ஸ் ஃபின்கெனவர், எலின் வாரிங் இருவரும், இத்தாலிய மாஃபியாவைப் போன்ற கட்டமைப்போ ஏகபோகமோ இவர்களுக்கு இல்லை என்றுதான் சொன்னார்கள். ஒரு மோசடிக்காகக் கூடுவார்கள், முடிந்ததும் பிரிவார்கள்.

டாக்சி ஓட்டிய அந்த இசை ஆசிரியரின் மகன் பள்ளியில் 'மாஃபியா' என்று கேலி கேட்டு வளர்ந்திருப்பான். அதையும் தாக்கக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

#8 இரவுப்பணி

நான் சென்னையில் மெடிக்கல் பில்லிங் வேலையில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். இரவெல்லாம் அமெரிக்க நோயாளிகளின் இன்சூரன்ஸ் கிளைம்தான் எங்கள் சோறு. இந்தத் தலைப்பில் நான் வாய் திறப்பேன் என்று நானே நினைக்கவில்லை.

வேப்பங்காய் அண்ணா சொல்வது சரிதான், ஒரு மோசடிக்காகக் கூடுகிறவர்கள்தான். அந்தக் கூட்டம் எங்கள் துறையில் என்ன செய்தது என்று சொல்கிறேன். 1980களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஸ்முஷ்கேவிச் சகோதரர்கள் என்று இருவர், சோவியத் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். வேனில் நடமாடும் பரிசோதனைக் கூடம் வைத்து "இலவச உடல் பரிசோதனை" என்று அழைப்பார்கள். போகிறவர் இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டி நாலு இடத்தில் கையெழுத்துப் போடுவார். பத்து நிமிடம் ஏதோ ஒயர் மாட்டுவார்கள். பிறகு அவர் பெயரில் ஆயிரக்கணக்கான டாலருக்கு கிளைம் போகும். ஆரோக்கியமான ஆளுக்குப் பரிசோதனை செய்தேன் என்றால் இன்சூரன்ஸ் பணம் தராது. ஆகவே அவருக்கு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று நோயும் இவர்களே எழுதிக்கொள்வார்கள். அனுப்பிய பில்கள் மொத்தம் 100 கோடி டாலர் வரை இருக்கும் என்று அன்று மதிப்பிட்டார்கள். சகோதரர்களில் மூத்தவருக்கு 1994இல் 21 ஆண்டுச் சிறை.

பணம் போனதை விட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த நெஞ்சு வலி அந்த ஆளின் கோப்பில் தங்கிவிடுகிறது. ஏற்கெனவே நோய் இருந்தால் காப்பீடு தர மாட்டோம் என்று நிறுவனங்கள் மறுக்க முடிந்த காலம் அது. இலவசம் என்று போய் வந்தவர், இல்லாத இதய நோயைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறார்.

இன்னொரு வழக்கு 2010 அக்டோபர். ஆர்மீனிய அமெரிக்கக் கும்பல் ஒன்று. 25 மாநிலங்களில் 118 கிளினிக்குகள், ஒன்றுகூட உண்மையில் கிடையாது. நிஜ மருத்துவர்களின் அடையாளத்தைத் திருடிக் கிளினிக் பதிவு, நிஜ நோயாளிகளின் விவரங்களைத் திருடி கிளைம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு அனுப்பிய பில் 16 கோடியே 30 லட்சம் டாலர். கையில் வந்தது சுமார் மூன்றரைக் கோடி. அவர்களுக்கு மேலே பஞ்சாயத்துப் பண்ண ஆர்மென் கஸாரியன் என்ற 'வோர்' இருந்தார். (வோர் என்றால் திருடன். 'சட்டத்துக்குட்பட்ட திருடன்' என்பது சோவியத் சிறைகளில் பிறந்த பட்டம். அந்தச் 'சட்டம்' அவர்கள் தங்களுக்கு எழுதிக்கொண்டது.)

எப்படி மாட்டினார்கள் தெரியுமா? கண் மருத்துவர் சிறுநீர்ப்பைச் சோதனை செய்ததாகப் பில். காது மூக்கு தொண்டை நிபுணர் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்ததாகப் பில். தோல் மருத்துவர் இதயத்தைச் சோதித்ததாகப் பில். எங்கள் ஷிப்டில் மூன்று மாதப் பயிற்சிக்காரர் பிடித்துவிடுவார் இதை. ஆனால் மெடிகேர் அன்று இருந்த முறை, முதலில் பணத்தைக் கொடு, சந்தேகம் வந்தால் பிறகு துரத்து. நேர்மையான மருத்துவருக்குப் பணம் தாமதமாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த முறை.

#9 பழைய_புரூக்ளின்

சகோதரி, அருமை. உங்கள் கதைக்கு என் தெருவின் கதை ஒன்று.

2001 வாக்கில் ஒரு சந்திப்பில் என் காரை பின்னாலிருந்து ஒருவர் லேசாக இடித்தார். விளக்குக் கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை ஒரு போன், என் எண் எப்படிக் கிடைத்ததோ. "கழுத்து வலிக்கிறதா?" இல்லை என்றேன். "இரண்டு நாளில் வலிக்கும். எங்கள் கிளினிக்குக்கு வாருங்கள். காரில் வந்து அழைத்துப் போகிறோம். உங்களுக்கு ஒரு காசு செலவில்லை." அவ்வளவு கனிவான குரலில் ஒரு மருத்துவர் கூட என்னிடம் பேசியதில்லை. நான் போகவில்லை. போனவர்கள் இருக்கிறார்கள்.

நியூயார்க் சட்டப்படி விபத்து யார் தவறாக இருந்தாலும் காரில் இருந்த ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் வரை அந்தக் காரின் இன்சூரன்ஸ் கொடுக்கும். ஆளுக்கு ஐம்பதாயிரம்! மசாஜ், ஊசி, எக்ஸ்ரே, கழுத்துப் பட்டை என்று அந்தத் தொகை தீரும் வரை பில் போடலாம். கிளினிக் மருத்துவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதால் ஒரு மருத்துவரைப் பெயருக்கு வாடகைக்கு அமர்த்திக்கொள்வார்கள். 2012 பிப்ரவரியில் 36 பேர் மீது வழக்குப் போட்டார்கள், 27 கோடியே 90 லட்சம் டாலர் மோசடி. குற்றம் சாட்டப்பட்டவர்களில் அசல் மருத்துவர்களே பத்துப் பேர். இதன் விலையைப் புரூக்ளினில் கார் வைத்திருந்த ஒவ்வொருவனும் பிரீமியத்தில் கட்டினான். கடற்கரைச்சாலை, உங்கள் சாதாரணக் குடும்பம் இதோ இருக்கிறது.

#10 மட்டுறுத்துநர்

தேர்தலையும் இரண்டு கட்சிகளையும் பற்றிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

#11 மலைக்கோட்டை

யபோன்சிக் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? 'ரஷ்ய மாஃபியாவின் அமெரிக்கத் தலைவன்' என்று அந்தக் காலப் பத்திரிகைகளில் படித்த நினைவு.

#12 பழைய_புரூக்ளின்

வியாசெஸ்லாவ் இவான்கோவ். யபோன்சிக் என்றால் 'குட்டி ஜப்பான்காரன்', கண்ணின் வடிவத்தால் வந்த பட்டப்பெயர். அசல் வோர், சோவியத் சிறையில் பத்தாண்டு கழித்தவர். 1992இல் நியூயார்க் வந்தார். எஃப்.பி.ஐ. 1994இல் நியூயார்க்கில் ரஷ்யக் கும்பல்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது, அதே ஆண்டில் மாஸ்கோவில் அலுவலகமும் திறந்தது. 1995 ஜூனில் இவான்கோவைப் பிடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் மீது காறித் துப்பி, காலால் உதைத்துக்கொண்டே போனார்.

அவர் மீதான வழக்கைக் கவனியுங்கள். ரஷ்யாவிலிருந்து குடியேறிய இருவர் நியூயார்க்கில் நடத்திய முதலீட்டு நிறுவனத்தை மிரட்டிப் பல லட்சம் டாலர் பறிக்கப் பார்த்தது. அவர்கள் அடங்கவில்லை. அந்த இருவரில் ஒருவரின் தந்தை மாஸ்கோவில், மெட்ரோ ரயில் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். நியூயார்க்கில் கையெழுத்துப் போட மறுத்தால் மாஸ்கோவில் அப்பா சாவார். இத்தாலிய மாஃபியாவுக்கு இவ்வளவு நீளமான கை இருந்ததில்லை. என் முடிவெட்டுக்காரரின் கத்தரிக்கோல் ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு ஒடெசாவில் ஓர் அக்கா இருந்தார்.

2004இல் ரஷ்யாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே பழைய கொலை வழக்கில் விடுதலை. 2009 ஜூலையில் மாஸ்கோ உணவகம் ஒன்றிலிருந்து வெளியே வரும்போது தொலைவிலிருந்து சுட்டார்கள். அக்டோபரில் இறந்தார்.

'தலைவன்' என்பது மட்டும் பத்திரிகைப் பட்டம். அமெரிக்காவில் இவர்களுக்கு ஒரே தலைவன் என்று எவனும் இருந்ததில்லை.

#13 கணக்குப்பிள்ளை

முரடர்களை விட்டுவிட்டு மறுபடியும் காகிதத்துக்கு வருகிறேன்.

பென்சில்வேனியாவில் நியூடவுன் என்றொரு அமைதியான ஊர். அங்கே 'ஒய்.பி.எம். மேக்னெக்ஸ்' என்ற கம்பெனி. காந்தமும் சைக்கிளும் செய்வதாகச் சொன்னார்கள். டொரண்டோ பங்குச் சந்தையில் பட்டியலாகி, இயக்குநர் குழுவில் பெரிய மனிதர்கள், தணிக்கைக்குப் பெரிய நிறுவனங்கள். 1998 மே மாதம் எஃப்.பி.ஐ. உள்ளே நுழைந்தபோதுதான், பின்னால் இருப்பவர் ரஷ்யக் கும்பல் உலகின் பெரும்புள்ளி செமியோன் மொகிலெவிச் என்பது முதலீட்டாளர்களுக்கு வெளிச்சமாயிற்று. முதலீட்டாளர்கள் இழந்தது 15 கோடி டாலர். மொகிலெவிச் 2009இல் எஃப்.பி.ஐ.யின் அதிகம் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் ஏறினார். 2015இல் எடுத்துவிட்டார்கள். திருந்தியதால் அல்ல. அவர் இருக்கும் நாட்டோடு குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இல்லை, பட்டியலில் வைத்து என்ன பயன் என்பதால்.

மறு ஆண்டு, 1999, பேங்க் ஆஃப் நியூயார்க். அந்த வங்கியின் அதிகாரி ஒருவரும் அவர் கணவரும் நடத்திய கணக்குகள் வழியாக ரஷ்யாவிலிருந்து சுமார் 700 கோடி டாலர் ஓடியது. அதில் வரி ஏய்ப்பும் சுங்க ஏய்ப்பும்தான் பெரும்பங்கு, மாஃபியா பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குச் சுவையான பகுதியே அதுதான். வரி ஏய்க்கும் தொழிலதிபரும், லஞ்சம் வாங்கிய அதிகாரியும், கொலைகாரனும் ஒரே குழாயில் பணம் அனுப்பினார்கள். வங்கிக்குக் கமிஷன் வந்தது. 2005இல் வங்கி 3 கோடியே 80 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

முதலாளி பெயரைச் சொல்லாமலே டெலாவேர் மாநிலத்தில் கம்பெனி தொடங்கலாம். நூலக உறுப்பினர் அட்டை வாங்குவதற்கே அதைவிட அதிகம் கேட்பார்கள் என்பது எங்கள் தொழிலில் பழைய நகைச்சுவை. உண்மையான உரிமையாளர் பெயரை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு அது தேவையில்லை என்று நிதித்துறையே விலக்கு கொடுத்துவிட்டது. வேப்பங்காய், இங்கே நான் உங்கள் கட்சி. பூட்டையும் சாவியையும் சேர்த்து விற்றது அமெரிக்காதான்.

#14 வேப்பங்காய்

பதிவு 13ஐ ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறேன்.

#15 இரவுப்பணி

அண்ணா, மாட்டுவதற்கு முன் இதையும் படியுங்கள்.

2024 பிப்ரவரி, புதன்கிழமை இரவு. வழக்கம்போல உட்கார்ந்து கிளைம் அனுப்பத் தொடங்கினோம். ஒன்றும் போகவில்லை. மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவில் இருந்து கிளைமைக் கடத்திவிடுகிற பெரிய நிறுவனம் ஒன்றை, கணினியைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்கிற ரேன்சம்வேர் கும்பல் முடக்கிவிட்டது என்று விடியும்போது தெரிந்தது. ரஷ்ய மொழி பேசும் பிளாக்கேட் கும்பல். வாரக்கணக்கில் ஷிப்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கதை போகட்டும். அங்கே மருந்துக் கடையில் இன்சுலின் வாங்க நின்றவருக்கு இன்சூரன்ஸ் செல்லுமா என்று கடைக்காரரால் பார்க்க முடியவில்லை. சொந்தக் கையிலிருந்து முழு விலை கொடு, இல்லாவிட்டால் திரும்பிப் போ. சிறிய கிளினிக்குகள் நர்சுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கின. 2 கோடியே 20 லட்சம் டாலர் பிணைப்பணம் கொடுத்தார்கள். கொடுத்தும் சுமார் 19 கோடிப் பேரின் விவரம் போனது போனதுதான். அமெரிக்க மக்கள்தொகையில் பாதிக்கும் மேல்.

#16 வேப்பங்காய்

வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது மாஃபியாவா? மடிக்கணினி வைத்திருக்கும் பையன்கள். அக்ரோனின் மாட்டுத் தடிக்கும் இதற்கும் என்ன உறவு?

#17 பழைய_புரூக்ளின்

உறவு 'கிரிஷா'. ரஷ்ய மொழியில் கூரை என்று பொருள். கடை வைத்தால் உனக்குக் கூரை யார் என்று கேட்பார்கள், அதாவது யாருக்கு மாமூல் கட்டி யார் நிழலில் இருக்கிறாய் என்று. 1990களில் கூரை கும்பலாக இருந்தது. பிறகு சீருடைக்காரர்கள் கூரை ஆனார்கள்.

2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் குழாய்த்தடத்தை டார்க்சைடு கும்பல் நிறுத்தவைத்தது. அவர்கள் மென்பொருள் கணினிக்குள் நுழைந்ததும் முதலில் மொழி அமைப்பைப் பார்க்கும். ரஷ்யன் இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். வீட்டுக்குள் கை வைக்காதே, வெளியே எடுத்துக்கொள். இதுதான் கூரையின் வாடகை. 'ஈவில் கார்ப்' கும்பலின் மாக்சிம் யாகுபெட்ஸ் ரஷ்ய உளவுத்துறைக்கே வேலை செய்தார் என்று அமெரிக்க நிதித்துறை 2019இல் பகிரங்கமாகச் சொன்னது. தலைக்கு 50 லட்சம் டாலர் அறிவித்தார்கள், ஆள் மாஸ்கோவில் லம்போர்கினி ஓட்டினார்.

மாட்டுத் தடிதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ஈரானிய அரசை எதிர்த்து எழுதும் மசிஹ் அலிநெஜாத் புரூக்ளினில் வாழ்ந்தார். 2022 ஜூலையில் அவர் வீட்டருகே ஒருவன் காரில் ஏ.கே.47 வகைத் துப்பாக்கியோடு பிடிபட்டான். ஈரான் வைத்த விலை 5 லட்சம் டாலர், வேலையை எடுத்தவர்கள் வோர் வட்டத்தைச் சேர்ந்த அமிரோவ், ஒமாரோவ். 2025இல் ஆளுக்கு 25 ஆண்டுச் சிறை. இன்று ஓர் அரசாங்கமே வாடிக்கையாளராக வந்து நிற்கிறது.

#18 கணக்குப்பிள்ளை

கொலோனியல் விஷயத்தில் ஒன்று: 44 லட்சம் டாலர் பிணைப்பணம் கொடுத்தார்கள், அதில் பாதிக்கு மேல் எஃப்.பி.ஐ. பிட்காயின் வழியே மோப்பம் பிடித்து மீட்டது. அந்த வாரம் பெட்ரோல் பங்க்குகளில் நீள வரிசை, பல மாநிலங்களில் "பெட்ரோல் இல்லை" என்று பலகை. பாலகூலா காலத்தில் பெட்ரோல் மலிவாகவாவது கிடைத்தது!

#19 கடற்கரைச்சாலை

சித்தப்பா இப்போது மௌனம். ஆனால் தேடும்போது ஒரு செய்தி கண்ணில் பட்டது, உண்மையா என்று சொல்லுங்கள். ஒரு வோர் கும்பல் சாக்லேட் திருடியதாமே?

#20 வேப்பங்காய்

உண்மை. 2017 ஜூன், ரஷ்தென் ஷுலாயா என்ற ஜார்ஜிய வோர், மொத்தம் 33 பேர் மீது வழக்கு. சூதாட்ட இயந்திரங்களை ஏமாற்றுவது, மிரட்டல், ஆளைத் தீர்க்கும் திட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே, சரக்கிலிருந்து பத்தாயிரம் பவுண்டு, அதாவது நாலரை டன் சாக்லேட். ஷுலாயாவுக்கு 45 ஆண்டு. இவர்களைத்தான் உலகை ஆட்டிவைக்கும் சக்தி என்கிறீர்கள்.

#21 கணக்குப்பிள்ளை

சிரிக்காதீர்கள். சாக்லேட்டில் வரிசை எண் கிடையாது, எந்தக் கடையும் வாங்கும், ஒரு மாதத்தில் சாட்சியம் முழுவதும் வயிற்றுக்குள். பெட்ரோலும் அப்படித்தான்.

#22 இரவுப்பணி

ஷிப்ட் தொடங்குகிறது, கிளம்புகிறேன். வரிசையில் முதல் கிளைம் தோல் மருத்துவருடையது. மருவை எடுத்திருக்கிறார். இதயத்தைத் தொடவில்லை, பார்த்துவிட்டேன்.